எல்டி டெஸ்டுக்குப் பிள்ளையை எந்த நாளில் கூட்டிப்போவது?

எல்டி (கற்றல் குறைபாடு) இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டுக்குத் தேதி எழுதித் தரும்போது, அன்றைக்குப் பிள்ளையின் உடம்பு எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இடம் காலியாக இருக்கும் நாளைத்தான் சீட்டில் எழுதுவார்கள். வடசென்னையில் எண்ணூர், மணலி, கொடுங்கையூர் பக்கம் வீசிங் (மூச்சிரைப்பு) உள்ள பிள்ளையோ, ஃபிட்ஸ் மாத்திரை சாப்பிடும் பிள்ளையோ, இன்சுலின் போடும் பிள்ளையோ இந்த வாரம் இருப்பதுபோல அடுத்த வாரம் இருக்காது. படிப்பும் கூடவே ஏறி இறங்கும். ஒரு டீச்சர் "நல்லா இருக்கும்போது படிக்கிறானே" என்பார். இன்னொருவர் "எப்பவுமே இவன் இப்படித்தான்" என்பார். யார் சொல்வது சரி என்று பார்க்கத்தான் டெஸ்ட். தப்பான நாளில் எடுத்தால் அந்தக் கேள்விக்கே தப்பான பதில் வந்துவிடும்.

தப்பான நாளில் எடுத்தால் என்ன ஆகும் என்பதை முதலில் பார்த்துவிடலாம். நம் நாட்டில் எல்டி, அதாவது குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஒன்று. அதை எப்படி அளப்பது என்று 2018 ஜனவரியில் அரசிதழில் வழிகாட்டுதல் வந்தது. அதன்படி முதலில் குழந்தை மருத்துவர் நரம்பு, கண், காது பார்ப்பார். பிறகு உளவியலாளர் ஐக்யூ டெஸ்ட் எடுப்பார். ஐக்யூ 85க்கு மேல் வந்தால்தான் வாசிப்பு, எழுத்து, கணக்குக்கான, பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் உருவாக்கிய தேர்வுக்குப் போவார்கள். 2024இல் வழிகாட்டுதலைத் திருத்திவிட்டார்கள். அதனால் எல்டி சான்றிதழ் தரும் இடத்தில் இப்போது எந்தப் படிவம், எந்த டெஸ்ட் என்று கேட்டுக்கொண்டே தொடங்குங்கள். வரிசை பெரும்பாலும் இதுதான்.

சிக்கல் அந்த ஐக்யூ கட்டத்தில் இருக்கிறது. இங்கே பரவலாகப் பயன்படும் மிசிக் என்ற ஐக்யூ டெஸ்டில் எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது, குறியீடுகளை வேகமாக நிரப்புவது, கட்டைகளை நேரத்துக்குள் அடுக்குவது போன்ற பகுதிகள் உண்டு. தூக்கம் கெட்டால் முதலில் அடிவாங்குபவை இவைதான். சொற்பொருள், பொது அறிவு போன்றவை அவ்வளவு ஆடாது. இரவு முழுக்க இருமிய பிள்ளை மறுநாள் காலை இந்த வேகப் பகுதிகளில் சறுக்கி மொத்த எண் 85க்குக் கீழே போனால், எல்டி தேர்வே நடக்காமல், அறிவுத்திறனே குறைவு என்பதுபோல வேறு பெயர் கோப்பில் ஏறிவிடும். சரி, அடுத்த மாதம் மறுபடி எடுக்கலாம் என்றால் அதுவும் முடியாது. கட்டை அடுக்கும் வித்தை ஒருமுறை பார்த்தால் கைக்குப் பழகிவிடும். அதே டெஸ்டைக் கிட்டத்தட்ட ஒரு வருடத்துக்குள் திரும்ப எடுத்தால் வரும் எண்ணை நல்ல உளவியலாளர் யாரும் நம்ப மாட்டார். ஒரு மோசமான காலைப்பொழுதுக்கு ஒரு வருட விலை.

அதற்காக "உடம்பு முழுசா சரியாகட்டும்" என்று காத்திருப்பதும் தப்புதான். ஏறி இறங்கும் நோய்க்கு முழுசாகச் சரியான நாள் என்று ஒன்று கிடையாது. அப்படிக் காத்திருந்தே பிள்ளை மூன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்குப் போய்விடும். நாம் தேடுவது பிள்ளையின் மிகச் சிறந்த நாளை அல்ல, வழக்கமான நல்ல நாளை. வழக்கமாகச் சாப்பிடும் மருந்தோடு, வழக்கமான தூக்கத்தோடு, கடைசி அட்டாக்கிலிருந்து போதுமான இடைவெளியோடு வரும் நாள். இன்னொன்று, வாசிப்புப் பயிற்சி தொடங்க எந்தச் சான்றிதழும் வேண்டாம். டெஸ்ட் தள்ளிப்போனாலும் பயிற்சி தள்ளிப்போகக் கூடாது.

ஆறு வாரக் குறிப்பு

அந்த வழக்கமான நாள் எது என்று மனக்கணக்கில் தெரியாது, எழுதினால்தான் தெரியும். மளிகைக் கடையில் தரும் மாதக் காலண்டர் போதும். தினமும் கட்டத்துக்குள் நான்கு விஷயம்: இரவு எத்தனை மணி நேரம் தூங்கினான், இருமலோ ஃபிட்ஸோ லோ சுகரோ வந்ததா, வழக்கத்துக்கு மேல் என்ன மருந்து கொடுத்தோம், பள்ளிக்குப் போனானா. வாரத்துக்கு மூன்று நாள் மாலையில், பிள்ளை படிக்கும் வகுப்புக்கு இரண்டு வகுப்புக் கீழே உள்ள தமிழ்ப் புத்தகத்தில் மனப்பாடம் ஆகாத ஒரு பத்தியைக் கொடுத்து, செல்போனில் ஒரு நிமிடம் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். சரியாக வாசித்த சொற்களை எண்ணி எழுதுங்கள். பிறகு ஐந்து சொல் டிக்டேஷன். எழுதிய தாளைத் தேதி போட்டு வையுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு பத்தி கொடுங்கள். அதே பத்தி என்றால் நான்காவது முறை கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பான்.

ஆறு வாரத்தில் பதினெட்டுப் பதிவு கிடைக்கும். நல்ல நாட்களையும் மோசமான நாட்களையும் தனித்தனியாக வைத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, நல்ல நாளில் 30 சொல், மோசமான நாளில் 26 என்று வந்தால், நோய் இந்தக் கதையின் நாயகன் அல்ல. எல்டி டெஸ்டுக்கு முன்னுரிமை கொடுங்கள். நல்ல நாளில் 65, மோசமான நாளில் 25 என்றால், முதலில் ஓட வேண்டியது நோய்க்கு மருந்து தரும் மருத்துவரிடம். பல வீடுகளில் வருவது மூன்றாவது வகை: வேகம் ஏறி இறங்கும், ஆனால் தப்பு செய்யும் விதம் மட்டும் எல்லா நாளும் ஒன்றுபோல இருக்கும். அங்கே இரண்டுமே இருக்க வாய்ப்பு அதிகம். டெஸ்ட் எடுப்பவருக்கு இந்தத் தாள்கள் தங்கம் மாதிரி.

தப்பின் விதம் என்றேனே, அதில் ஒரு எச்சரிக்கை. ல, ள, ழ குழப்பத்தை எல்டி கணக்கில் சேர்க்காதீர்கள். வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்று சொல்லும் ஊரில் பிள்ளை அப்படியே எழுதுவதில் வியப்பில்லை. ர-ற, ன-ண கூட அப்படித்தான், பெரியவர்களே தடுமாறுகிறோம். கவனிக்க வேண்டியவை வேறு: ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதுவது, மெய்யெழுத்தின் புள்ளி தொடர்ந்து விடுபடுவது, குறில் நெடில் மாறுவது, ஒற்றைக் கொம்பும் காலும் இடம் மாறுவது, மூன்றாம் வகுப்பு தாண்டியும் எழுத்துக் கூட்டியே வாசிப்பது, முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகித்து 'பட்டம்' என்பதைப் 'பாடம்' என்பது. வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசும் பிள்ளை என்றால் அதையும், பள்ளிப் பாடமொழி எது என்பதையும் தேதி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

நோயால் பள்ளிக்கு நிறைய நாள் போகாத பிள்ளை என்றால், "பாடமே நடக்கவில்லை, பிறகு எப்படிப் படிப்பான்" என்ற கேள்வி கண்டிப்பாக வரும். நியாயமான கேள்விதான். வருகைப் பதிவின் நகலையும், விடுபட்ட பாடத்தை ஈடுகட்ட என்ன செய்தோம் என்பதற்கான சான்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் எண்ணும் எழுத்தும் என்ற அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டத்தில் பிள்ளை அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்பதில் எந்தக் குழுவில் எத்தனை நாள் இருந்தது என்று ஆசிரியரிடம் எழுதி வாங்குங்கள். ஒழுங்காகப் பள்ளிக்குப் போன ஒரு ஆறு மாதத்திலும் அரும்பை விட்டு நகரவில்லை என்றால் அது பெரிய தகவல். நோட்டுப் புத்தகம் கொண்டுபோகும்போது அழகான நோட்டை மட்டும் பொறுக்காதீர்கள். உடம்பு நன்றாக இருந்த மாதத்தில் ஒன்று, மோசமாக இருந்த மாதத்தில் ஒன்று, இரண்டிலும் தேதி தெரிய வேண்டும்.

ஃபிட்ஸ் உள்ள பிள்ளைக்கு

உடம்பு முழுக்க வெட்டி இழுத்த பெரிய ஃபிட்ஸுக்குப் பிறகு பிள்ளை ஒரு மணி நேரத்தில் எழுந்து விளையாடலாம். ஞாபகமும் கவனமும் பழையபடி வர நாட்கள் ஆகும். குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஒரு வாரம் தள்ளுங்கள். புது மாத்திரை தொடங்கினாலோ டோஸ் ஏற்றினாலோ நான்கிலிருந்து ஆறு வாரம். பீனோபார்பிட்டோன் உடம்பில் ஒரு நிலைக்கு வரவே இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அது சில பிள்ளைகளை மந்தமாக்கும், சிலரைத் துறுதுறுவென்று ஓரிடத்தில் உட்கார விடாமல் செய்யும். டோபிராமேட் வாயில் சொல் வராமல் தடுமாற வைக்கலாம். லெவெடிராசெட்டம் சிடுசிடுப்பைத் தரலாம். இதையெல்லாம் படித்துவிட்டு "டெஸ்ட் அன்னைக்கு மட்டும் காலை மாத்திரையை விட்டுடலாம், சுறுசுறுப்பா இருப்பான்" என்று நினைப்பவர்கள் உண்டு. அதைச் செய்யவே கூடாது. மாத்திரை விட்டால் டெஸ்ட் அறையிலேயே ஃபிட்ஸ் வரலாம். அதோடு, மாத்திரை சாப்பிடும் பிள்ளைதான் தினமும் பள்ளிக்குப் போகிறது. அளக்க வேண்டியதும் அந்தப் பிள்ளையைத்தான்.

கடைசி ஃபிட்ஸ் வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது, மாத்திரையைக் குறைக்கலாம் என்று மருத்துவர் யோசிக்கிறார் என்றால் கணக்கு மாறும். சான்றிதழுக்கு அவசரம் இல்லையென்றால், மருந்தை நிறுத்தி ஓரிரு மாதம் கழித்து எடுப்பது தெளிவான படம் தரும். அவசரம் இருந்தால் குறைக்கத் தொடங்கும் முன்பே எடுத்துவிடுங்கள். குறைத்துக்கொண்டிருக்கும் நடு மாதங்கள்தான் மோசமான நேரம்.

இன்னொரு வகை ஃபிட்ஸில் பிள்ளை கீழே விழாது. ஐந்து முதல் இருபது விநாடி அப்படியே வெறித்துப் பார்க்கும், பிறகு ஒன்றும் நடக்காததுபோல எழுதத் தொடங்கும். ஒரு நாளில் பத்துப் பதினைந்து முறை முதல் நூறு முறைக்கு மேலும் வரலாம். வகுப்பில் அதற்குப் பெயர் 'பராக்குப் பார்ப்பது'. டிக்டேஷனில் நடுச் சொற்கள் மட்டும் காணாமல் போயிருக்கிறதா, வாசிக்கும்போது வரி நடுவில் நின்று இடம் தொலைகிறதா, பெயர் சொல்லிக் கூப்பிட்டும் தோளைத் தொட்டும் கலையவில்லையா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் எல்டி டெஸ்டுக்கு முன்பே இஇஜி (மூளையின் மின்னலைப் பதிவு) எடுத்துவிடுங்கள். பார்க்கும் மருத்துவர் பிள்ளையை இரண்டு மூன்று நிமிடம் வேகமாக மூச்சு வாங்கச் சொல்லியே அதை வரவழைத்துப் பார்ப்பதும் உண்டு. வீட்டில் நீங்கள் முயல வேண்டாம்.

இஇஜி என்றதும் ஒரு விஷயம். ஒரே நாளில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போய் இஇஜியையும் டெஸ்டையும் முடித்துவிட்டால் ஒரு நாள் கூலி மிச்சம் என்று தோன்றும். ஆனால் இஇஜிக்குப் பிள்ளையை முந்தின இரவு பாதி நேரம் விழிக்க வைத்துக் கூட்டிவரச் சொல்வார்கள். தூங்கவிடாத பிள்ளையை உட்காரவைத்து ஐக்யூ எடுப்பதில் அர்த்தமே இல்லை. இரண்டுக்கும் நடுவில் இரண்டு நாளாவது விடுங்கள்.

வீசிங்கும் வடசென்னைக் காலண்டரும்

வீசிங் பிள்ளைக்கு நாளைவிட மாதம் முக்கியம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, சுவரில் ஈரம், பூஞ்சை, நடுவில் தீபாவளிப் புகை. டிசம்பர், ஜனவரியில் காலைப் பனியோடு புகை மேலே ஏறாமல் தெருமட்டத்திலேயே தங்கும். ஜனவரி நடுவில் போகி. டயரும் பிளாஸ்டிக்கும் எரித்த புகை இரண்டு மூன்று நாளுக்கு மார்பைப் பிடிக்கும். குப்பைமேடு பற்றிக்கொண்டால் அதற்குக் காலண்டரே கிடையாது. ஏப்ரல், மே மாதங்களில் மூச்சு நன்றாக இருந்தாலும் பள்ளியில் தேர்வோ விடுமுறையோ இருக்கும், ஆசிரியர் நிரப்ப வேண்டிய படிவத்துக்கு ஆள் கிடைக்காது. ஜூனில் ஆசிரியருக்குப் பிள்ளையின் பெயரே அப்போதுதான் பழகும்.

மிஞ்சுவது ஜூலை நடுவிலிருந்து காலாண்டுத் தேர்வுக்கு முன்புவரை. அதை விட்டால் பொங்கல் முடிந்து ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி நடுவரை. என்னைக் கேட்டால் ஜூலை, ஆகஸ்ட்தான். சான்றிதழ் அலைச்சலுக்கு மீதி வருடம் கையில் இருக்கும். இது பொதுக் கணக்கு. உங்கள் காலண்டர் கட்டங்கள் வேறு சொன்னால் கட்டங்களை நம்புங்கள்.

மருந்து விஷயத்தில் வீசிங் பிள்ளைக்கு மூன்று கண்ணி உண்டு. ஒன்று, சால்பியூட்டமால். நம் வீடுகளில் ஆஸ்தாலின் என்போமே, அதுதான். அதை இழுத்ததும் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். நெபுலைசரிலோ சிரப்பிலோ கொடுத்தால் நடுக்கம் இன்னும் அதிகம். உடனே எழுதவைத்தால் கையெழுத்தைப் பார்த்து எழுத்துக் குறைபாடு என்று நினைக்க இடமுண்டு. அன்று காலையே அது தேவைப்பட்டது என்றால் அது வழக்கமான நல்ல நாளே இல்லை. பிள்ளைக்கு மூச்சு வாங்கினால் டெஸ்டைப் பார்க்காமல் பஃப் கொடுங்கள், தேதியை மாற்றிக்கொள்ளலாம். இரண்டு, ஸ்டீராய்டு. மூன்று முதல் ஐந்து நாள் பிரெட்னிசொலோன் கொடுத்தால் தூக்கம் கெடும், எரிச்சல் வரும். முடிந்து ஒன்றிரண்டு வாரம் கழித்துப் போங்கள். மூன்றாவதை யாரும் மருந்தாகவே நினைப்பதில்லை: சளி சிரப். குளோர்பெனிரமின் போன்றவை கலந்த சிரப்பை முந்தின இரவு ஒரு மூடி ஊற்றினால், மறுநாள் காலை பிள்ளை கண் திறந்திருக்கும், மண்டை தூங்கிக்கொண்டிருக்கும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் எந்தச் சிரப்பும் டெஸ்டுக்கு முந்தின இரண்டு நாள் வேண்டாம். தினசரி இழுக்கும் தடுப்பு இன்ஹேலரை மட்டும் ஒருநாளும் விடாதீர்கள்.

சுகர் உள்ள பிள்ளைக்குக் கணக்கு மணி நேரத்தில். டெஸ்ட் தொடங்கும் முன்பும் நடுவிலும் விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். எண் ஏறிவிட்டது என்று உடனே உள்ளே அனுப்பாதீர்கள். சர்க்கரை ஏறினாலும் யோசிக்கும் வேகம் திரும்ப முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். முந்தின இரவே பெரிய லோ வந்திருந்தால் தேதியை மாற்றுங்கள். 250, 300 என்று ஏறி, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டு, ஓயாமல் பாத்ரூம் போகும் நாளிலும் அப்படியே. அதே காலையில் வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனையைச் சேர்த்து வைக்காதீர்கள்.

காதும் ஏறி இறங்கும். சளிக்குப் பிறகு செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கினால் மூன்று மாதம்வரைகூட கேட்கும் திறன் மங்கலாக இருக்கும். விரல் அடைத்துக்கொண்டு கேட்பது மாதிரி. டிக்டேஷனில் 'க', 'ச', 'ப' கலங்குவது அதனால்கூட இருக்கலாம். போன வருடம் எடுத்த காது டெஸ்ட் இதற்கு உதவாது, எல்டி டெஸ்டுக்கு முந்தின ஒரு மாதத்துக்குள் எடுத்தது வேண்டும். கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராமோடு, செவிப்பறையின் அசைவை அளக்கும் டிம்பனோமெட்ரியும் கேளுங்கள். ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள். 5 முதல் 11 வயதுவரை 11.5க்குக் கீழே என்றால் ரத்தசோகை. அதைச் சரிசெய்வது எல்லா டெஸ்டையும்விட மலிவு.

தேதி வாங்கும்போதும் அன்றைக்கும்

தேதி தரும் இடத்திலேயே இரண்டு கேள்வி கேளுங்கள். அன்று காலை உடம்பு சரியில்லை என்றால் யாருக்குச் சொல்லி எப்படி மாற்றுவது? இரண்டு மூன்று அமர்வாகப் பிரித்து எடுக்க முடியுமா? ஐக்யூ ஒரு நாள், வாசிப்பும் எழுத்தும் கணக்கும் இன்னொரு நாள் என்று ஒரு வாரத்துக்குள் பிரித்தால் பிள்ளைக்கும் நல்லது. ஒரு அமர்வு கெட்டாலும் மொத்தமும் கெடாது. காலை முதல் இடம் கேளுங்கள்.

மருத்துவரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். நோயின் பெயர், மருந்தும் டோஸும், கடைசி அட்டாக் தேதி, இப்போது நிலையாக இருக்கிறதா, அடுத்த மூன்று மாதத்தில் மருந்து மாறுமா. இந்த ஐந்தும் இருந்தால் போதும். கோப்பு முழுவதையும் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிக்கு நடுவே ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் நின்று வந்த பிள்ளை, டெஸ்ட் தொடங்கும் முன்பே களைத்திருக்கும். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் சென்ட்ரல்வரை உட்கார்ந்தே வரலாம். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை என்றால் சென்ட்ரலில் மாறி அடுத்த நிலையம். பழகிய டிபன், தண்ணீர், கண்ணாடி, இன்ஹேலர், சுகர் மெஷின் எல்லாம் பையில் இருக்கட்டும். அதே நாளில் வேறு ஓபி சீட்டு எதுவும் போடாதீர்கள்.

உள்ளே போகும் முன் உளவியலாளரிடம் நேற்று இரவு எப்படித் தூங்கினான், இன்று காலை என்ன மருந்து என்று இரண்டு வரி சொல்லிவிடுங்கள். அறிக்கையிலும் அன்றைய நிலையை எழுதச் சொல்லுங்கள்: வலிப்பு வந்து எத்தனை நாள், எந்த மருந்தில் இருக்கிறான், டெஸ்ட் நடுவில் கவனம் தப்பியதா. வேகப் பகுதிகளின் எண்ணையும் மற்றவற்றையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். மொத்த எண் மட்டும் உள்ள அறிக்கையை வைத்துக்கொண்டு பின்னால் யாரும் எதையும் சொல்ல முடியாது. நடுவில் பிள்ளை வாடிவிட்டால் நிறுத்தச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. "வந்தது வந்தாச்சு, முடிச்சிடலாம்" என்பதில்தான் பல டெஸ்டுகள் வீணாகின்றன.

2018 வழிகாட்டுதல்படி சான்றிதழ் 8 வயதிலிருந்து என்று இருந்தது. 14 வயதில் ஒருமுறை, 18 வயதில் ஒருமுறை மறுபடி எடுக்க வேண்டியிருந்தது; 2024 திருத்தத்துக்குப் பிறகு எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். 14 வயது பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்பில் வரும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், எழுத்தர் போன்ற சலுகைகளுக்குப் பள்ளி வழியாக விண்ணப்பம் மாதக்கணக்கில் முன்பே போக வேண்டும். எட்டாம் வகுப்பு முடியும் கோடையிலேயே காலண்டரில் ஆறு வாரக் குறிப்பை மறுபடி தொடங்கி, ஒன்பதாம் வகுப்பு ஜூலைக்குத் தேதி கேளுங்கள். அந்த வயதில் மருந்தின் டோஸ் உடல் எடைக்கேற்ப மாறியிருக்கும். பழைய மருத்துவர் கடிதம் செல்லாது, புதிதாக வாங்க வேண்டும்.